தாத்தாவின் சீமை வண்டி

போகிக்குப் பரணைச் சுத்தம் செய்வது எங்கள் குரோம்பேட்டை வீட்டில் என் இலாகா. இந்த வருஷம் ஒரு துருப்பிடித்த டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து தாத்தா கிடைத்தார். கறுப்பு வெள்ளை போட்டோவில், மோட்டார் சைக்கிள் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பின்பக்கத்தில் மங்கிய இங்க்கில் ‘திருவொற்றியூர், 1957’.

அப்பாவுக்குக் கை நடுங்கியது. "நான் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சீங்களே! பாரு, சீமை வண்டி! இதுலதான் எங்கப்பா ஆபீஸ் போவார்."

தாத்தா இறந்தபோது அப்பாவுக்கு ஆறு வயசு. அவர் ஞாபகத்தில் மிச்சமிருந்த தாத்தா, அந்த வண்டி மட்டும்தான். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என் பி.காமைப் பற்றிப் பேசியதைவிட வண்டியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

"அது இப்ப யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சுட்டு வாயேன்" என்றார். கிளம்பிவிட்டேன்.

திருவொற்றியூர் போவது இப்போது சுலபம். 2021-ல் மெட்ரோ ரயிலை விம்கோ நகர் வரை நீட்டிவிட்டார்கள். விம்கோ என்றால் ஏதோ தலைவர் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், தீப்பெட்டிக் கம்பெனி! ஊரே அப்படித்தான். ஒரு பக்கம் தியாகராஜரும் வடிவுடையம்மனும். இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. அத்தனை செல்வத்தையும் உதறியவர் அடங்கிய ஊருக்கு, நான் ஒரே ஒரு மோட்டார் சைக்கிளைத் தேடிப் போனேன்.

தேரடியில் இறங்கி, அம்மனைக் கும்பிட்டுவிட்டு, விசாரித்து விசாரித்து ஒரு மெக்கானிக் ஷெட்டை அடைந்தேன். எழுபதைத் தாண்டிய பெரியவர். புல்லட் தவிர வேறு வண்டியைத் தொடமாட்டாராம். போட்டோவை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"புல்லட்டேதான். முந்நூத்தம்பது சி.சி. கியர் வலது கால்ல இருக்கு பாரு, வெள்ளைக்காரன் வழக்கம்."

பிறகு சரித்திரம் சொன்னார். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் 1955-ல் கூட்டுச் சேர்ந்தார்கள். முதலில் பாகங்களெல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வரும், திருவொற்றியூரில் மாட்டுவார்கள். 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது. இங்கிலாந்தில் 1970-ல் கடையைக் கட்டிவிட்டார்கள். 1977-ல் நம்ம ஊர் வண்டி கப்பலேறி அங்கேயே விற்பனைக்குப் போனது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான், ஆனால் கொல்லனே வாங்கினான்!

"அது சரி தம்பி, நம்பர் எங்க?"

அப்போதுதான் கவனித்தேன். முன் மட்கார்டு மேல் பிளேட் இருந்தது, நம்பர் இல்லை.

"ரோட்டுக்கே வராத வண்டி இது. பின்னால பாரு, ஓரத்துல வரிசையா ஹேண்டில்பாரு தெரியுது. சரி, அவர் கையில இன்னாது?"

"கைக்குட்டை."

"வேஸ்ட் துணி தம்பி! உங்க தாத்தா வண்டி வச்சிருந்தவரு இல்ல. வண்டி மாட்டினவரு."

இல்லாத சொத்தைத் தள்ளுபடி என்று எழுதுவதற்கு பி.காமில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று சொல்லித் தரவில்லை. திரும்பி வரும்போது மெட்ரோவில் ஸ்டேஷனுக்கு ஒரு பொய்யாகத் தயார் செய்தேன். யாருக்கோ விற்றுவிட்டார்கள், காயலான் கடைக்குப் போய்விட்டது, வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது...

வாசலிலேயே அப்பா. "நம்பர் கிடைச்சுதா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் பொய் எதுவும் வரவில்லை. "நம்பரே இல்லப்பா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. போட்டோவில் அந்த வேஸ்ட் துணியை விரலால் மெதுவாகத் தடவினார்.

"சாயங்காலம் வந்து என்னைத் தூக்குவார்டா. அவர் மேல ஒரு ஆயில் வாசனை வரும். வண்டி ஓட்டறதால வருதுன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்" என்றார். அதோடு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமோ?

காலையில் வாசலில் சத்தம். எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்தி, போட்டோவை நீட்டிக்கொண்டிருந்தார் அப்பா.

"எங்கப்பாகிட்ட ஒரு வண்டிதான் இருந்ததுன்னா நினைச்சீங்க? நூத்துக்கணக்குல சார்! அவர் கை படாம ஒண்ணுகூட கேட்டைத் தாண்டாது!"