ஆளைக் குறைக்காமல்

"தலைக்கு எவ்வளவு ஆகும்?" எங்கள் வீட்டில் எந்தப் பயணப் பேச்சும் இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். பல பேச்சுகள் இதிலேயே முடிந்தும் போயிருக்கின்றன. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரே அடுக்ககத்தில் மேல்வீடும் கீழ்வீடுமாக அண்ணன் குடும்பமும் நாங்களும் இருக்கிறோம். அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா, அண்ணன், அண்ணி, நான், என் மனைவி, நான்கு பிள்ளைகள். பதினொரு பேர். எந்த விலையைப் பதினொன்றால் பெருக்கினாலும் வயிற்றைக் கலக்கும் தொகைதான் வரும். கலங்கியதும் எல்லோருக்கும் தோன்றும் வழி ஒன்றுதான். "அத்தையால வெயில்ல அலைய முடியாது." "குட்டிக்கு இப்ப ஒண்ணும் புரியாது, அடுத்த தடவை பார்த்துக்கலாம்." அதாவது, ஆளைக் குறைப்பது.

எங்கள் சின்ன வயதிலும் இதே கதைதான். தாம்பரம் கிஷ்கிந்தாவுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களுக்கும் வேன் பிடித்துக்கொண்டு சொந்தபந்தமெல்லாம் போவோம். பாட்டி மட்டும் சாப்பாட்டுக் கூடைக்குக் காவலாக வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். "எனக்கு எதுக்குடா டிக்கெட்டு, நான் என்ன ராட்டினமா சுத்தப் போறேன்?" என்பார். அவர் உள்ளே வந்திருந்தால் ராட்டினம் சுற்றியிருக்க மாட்டார்தான். ஆனால் நாங்கள் சுற்றுவதைப் பார்த்திருப்பார். அந்த ஒரு டிக்கெட் பணத்தை மிச்சம் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை.

அதனால், பிள்ளைகள் மலேசியாவின் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகவேண்டும் என்று நச்சரிக்கத் தொடங்கியபோது அண்ணனும் நானும் முதலில் ஒன்றை முடிவு செய்தோம். போனால் பதினொரு பேரும் போவது. செலவை வேறு எதில் வேண்டுமானாலும் குறைக்கலாம், தலையில் மட்டும் கை வைக்கக் கூடாது.

லெகோலேண்ட் 2012 செப்டம்பரில் ஜொகூர் மாநிலத்தில் திறந்தது. ஆசியாவின் முதல் லெகோலேண்ட் அதுதான். இருக்கும் இடம் இஸ்கந்தர் புத்ரி, சிங்கப்பூருக்கு நேர் எதிர்க்கரை. சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரில் தங்கி, துவாஸ் பாலத்தைத் தாண்டி ஒரு நாள் போய்வருவார்கள். நாலு பேர் என்றால் அது சரிப்படும். எங்களுக்குச் சரிப்படவில்லை. சிங்கப்பூருக்குத் தலைக்கு ஒரு விசா. பதினொரு பேருக்கு அங்கே அறை எடுப்பது நினைத்துப் பார்க்கவே முடியாத செலவு. அங்கே வாடகைக்கு எடுத்த காரை மலேசியாவுக்குள் ஓட்டிப்போகத் தனி அனுமதி, தனிக் கட்டணம். இரண்டு நாட்டுக் குடிநுழைவு வரிசையிலும் போக ஒருமுறை, வர ஒருமுறை, முழங்கால் வலியோடு அம்மா நிற்கவேண்டும்.

மலேசியா 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் முப்பது நாள் வரை அனுமதிக்கிறது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்பினால் போதும், அதற்குக் கட்டணம் இல்லை. ஆகவே கோலாலம்பூரில் இறங்கி அங்கிருந்தே கார் ஓட்டிக்கொண்டு ஜொகூர் போவது என்று தீர்மானித்தோம். ஏறக்குறைய 330 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி போகும் தூரம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு. மந்தைவெளி ஆர்.டி.ஓ.வில் ஆயிரம் ரூபாய் கட்டி அண்ணனும் நானும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டோம். ஓராண்டுக்குச் செல்லும்.

பெரிய குடும்பத்துக்கு இரண்டு விதமான செலவு உண்டு. ஒன்று, தலையை எண்ணும் செலவு. விமானமும் பூங்கா நுழைவும் அப்படி. மற்றது, தலையைக் கேட்காத செலவு. கார் வாடகை, பெட்ரோல், சுங்கம், வீட்டு வாடகை, அரிசி வேகும் கேஸ். இரண்டாவதில் ஆள் கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு இறங்கிக்கொண்டே வரும். சுற்றுலா நிறுவனங்களின் திட்டமெல்லாம் நாலு பேர் குடும்பத்தை மனதில் வைத்துப் போட்டது. அதைப் பதினொன்றால் பெருக்கிப் பார்ப்பதால்தான் பெரிய குடும்பங்கள் வெளிநாடே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுகின்றன. பஸ், டாக்சி, ஹோட்டல் அறை என்று தலையை எண்ணும் செலவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கார், வீடு, சமையல் என்று மாற்றிவிட்டால் கணக்கே வேறாகிவிடுகிறது.

மாற்ற முடியாதது விமானம். எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போனது. பல மாதம் முன்பே, வார நடுவில், நடுநிசி விமானமாகப் பார்த்து எடுத்தோம். பெட்டிக்குத் தனிப் பணம் கட்டவில்லை. சிக்கன விமானங்களில் ஆளுக்கு 7 கிலோ கைப்பை எடுத்துப்போகலாம். மடியில் வந்த குட்டியைக் கழித்தாலும் 70 கிலோ. பெரியவர்கள், சிறியவர்கள் துணிமணியோடு புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, சாம்பார்பொடி, குட்டியின் சத்துமாவு எல்லாம் அதிலேயே அடங்கிவிட்டன. மே மாதத் தொடக்கம் எங்களுக்குத் தோதாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு விடுமுறை. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன் விடுமுறை மே கடைசியில்தான் தொடங்கும், அதுவரை வார நாளில் பூங்காவில் நெரிசல் இருக்காது.

ஏழு பேர் உட்காரும் பெரோடுவா அல்சா இரண்டு எடுத்தோம். நம் ஊரில் என்றால் ஒரே இன்னோவாவில் பதினொரு பேரும் ஏறி, மடியில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாகக் கிளம்பியிருப்போம். அங்கே 2020 ஜனவரியிலிருந்து குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். பின்சீட்டிலும் பெல்ட் போடவேண்டும். முதலில் இது கூடுதல் செலவாகத்தான் பட்டது. ஓட்டத் தொடங்கிய பிறகு, பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன் இடத்தில் பத்திரமாகக் கட்டுண்டு தூங்குவதைக் கண்ணாடியில் பார்த்தபோது, இதை நம் ஊரிலும் செய்யவேண்டும் என்று தோன்றியது. திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒரு குழந்தை இருக்கை வாங்கினேன்.

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறந்தது. தாய்லாந்து எல்லையிலிருந்து ஜொகூர் பாரு வரை நாட்டின் முதுகெலும்பாக ஓடுகிறது. சுங்கத்துக்கு ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டச் அண்ட் கோ அட்டை. வேக வரம்பு 110. பெட்ரோலின் மானிய விலை இப்போது அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான், நாம் முழு விலை கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்தும் எங்களுக்குச் சென்னை விலையைவிடக் குறைவாகவே வந்தது.

அந்தச் சாலையில் எனக்கு மிகவும் பிடித்தவை வழிநெடுக இருக்கும் ஓய்விடங்கள். ஆர் அண்ட் ஆர் என்று பலகை போட்டிருக்கும். மரநிழல், கல்மேசை, பெஞ்சு, சாப்பாட்டுக் கடைகள், தொழுகையறை, வரிசையாகக் கழிப்பறைகள். எதையும் வாங்காமல் உட்கார்ந்து நம் பொட்டலத்தைப் பிரிக்கலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. புளியோதரையும் வறுத்த அப்பளமும் அங்கேதான் தீர்ந்தன. ஆனால் நான் சொல்ல வந்தது சாப்பாட்டை அல்ல. என் அம்மா நம் ஊரில் காரில் நெடுந்தூரம் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். என் அண்ணியும் அப்படித்தான், என் மனைவியும் அப்படித்தான். வழியில் ஒதுங்க நம்பகமான இடம் இருக்குமோ இருக்காதோ என்ற பயம். சர்க்கரை நோய் உள்ள பெண்மணி பத்து மணி நேரம் நாவறண்டு உட்கார்ந்து வருவதை நாங்கள் இத்தனை வருடமாகப் பயணம் என்று சொல்லிவந்திருக்கிறோம். அந்தச் சாலையில் இரண்டாவது ஓய்விடம் தாண்டியதும் அம்மா தானாகவே கைநீட்டித் தண்ணீர் பாட்டில் கேட்டார். பெரியவர்களை ஏன் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதற்குப் பணத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைச் சரிசெய்ய வேண்டியது குடும்பம் அல்ல, சாலையைப் போடுகிறவர்கள்.

ஆயர் ஹீத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி குளுவாங் பக்கம் திரும்பினோம். இது அத்தைக்காக. அத்தை பிறந்தது அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். தாத்தா பால் மரம் வெட்டியவர், சிவப்பு அடையாள அட்டைக்காரர், அதாவது குடியுரிமை இல்லாதவர். 1969 மே இனக் கலவரத்துக்குப் பிறகு, அப்படிப்பட்டவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். எங்கள் குடும்பமும் 'ரஜுலா' கப்பலின் மேல்தளத்தில் நாகப்பட்டினம் வந்து இறங்கியது. அத்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது, அப்பாவுக்கு எட்டு. எங்கள் பேட்டைக்குப் பெயர் தந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் நகரத்தார் சமூகம் அதே மலாயாவில் வட்டிக்கடை வைத்துச் செழித்தது. தோட்டத்துக் கூலி போன கடல்வழிதான் அவர்கள் போனதும்.

அத்தை தேடிய லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடு, இல்லை. ரப்பரும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. ஒரு மாரியம்மன் கோயில் மட்டும் தகரக் கூரை மாறி நின்றது. அதைப் பார்த்ததும் அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னார். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு மணி அடிப்பதை, கங்காணி பேர் கூப்பிடுவதை, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆத்தா மரம் சீவப் போவதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். "எங்கம்மா மரம் வெட்டுற வரைக்கும் உங்க தாத்தாவ நான்தான் தூக்கி வெச்சிருப்பேன்" என்று அப்பாவைக் காட்டினார். நான்கு பிள்ளைகளும் தாத்தாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் கொஞ்சம் பெட்ரோல்தான் செலவு. ஆளைக் குறைத்திருந்தால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எங்களில் வேறு யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கே பாதி நினைவில்லை.

புக்கிட் இண்டாவில் மூன்று படுக்கையறை வீடு ஒன்று பிடித்திருந்தோம். பூங்காவை ஒட்டியே லெகோ ஹோட்டல் இருக்கிறது. அதன் ஒரு அறையின் வாடகையைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம். வீட்டில் அடுப்பு, குக்கர், துணி துவைக்கும் இயந்திரம். காலையில் உப்புமா கிளறிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. உள்ளே ஒரு வேளை மட்டும் சாப்பிட்டோம். டிக்கெட்டை வாசலில் வாங்காமல் தேதி போட்டு இணையத்தில் எடுத்தால் கணிசமாகக் குறைகிறது. மூன்று வயதுக்குக் கீழே இலவசம், குட்டிக்குக் கட்டணம் இல்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்குக் குழந்தைக் கட்டணம், ஆகவே அத்தையும் அப்பாவும் பேரப்பிள்ளைகள் விலையில் நுழைந்தார்கள். நீர்ப்பூங்காவும் கடல்வாழ் காட்சியகமும் தனி டிக்கெட். இரண்டையும் விட்டோம். ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்ப்பேன் என்று ஓடினால் பெரியவர்கள்தான் முதலில் களைத்துப்போவார்கள்.

நடுவில் இருக்கும் மினிலேண்டில் லெகோ கட்டிகளால் ஆசியாவையே கட்டி வைத்திருக்கிறார்கள். பெட்ரோனாஸ் கோபுரங்கள் ஆளை அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரம். தாஜ்மகால் பக்கத்தில் அப்பா ஒவ்வொரு கட்டியாக எண்ணாத குறை. பிள்ளைகளுக்குச் சின்னக் கார் கொடுத்துச் சிக்னல், வளைவு எல்லாம் கற்றுத்தரும் ஓட்டுநர் பள்ளி ஒன்று உண்டு. அண்ணன் மகள் சிவப்பு விளக்குக்குச் சரியாக நின்றதும் கம்பிக்கு இந்தப் பக்கம் அத்தை கை தட்டியது எல்லோருக்கும் கேட்டது. மத்தியானம் இடியோடு மழை. அந்தப் பக்கம் அது வழக்கம். கூரைக்கடியில் பதினொரு பேரும் ஒதுங்கி நின்று குட்டியை ஒருவர் மாற்றி ஒருவர் வைத்துக்கொண்டோம். நாலு பேர் குடும்பத்தில் ஒருவர் குழந்தையோடு வெளியே உட்கார்ந்தே நாள் போய்விடும். இங்கே என் மனைவி டிராகன் ரயிலில் மறுபடி மறுபடி ஏறினாள்.

வந்த பிறகு அண்ணனும் நானும் நோட்டை விரித்துக் கணக்குப் பார்த்தோம். தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கவில்லை. சம்பளம் வாங்குகிற நான்கு பேர், அவரவர் சம்பளத்துக்குத் தக்கபடி. அத்தை தன் ஓய்வூதியத்திலிருந்து ஒரு கவரைக் கொண்டுவந்து வைத்தார். அதைத் திருப்பிக் கொடுத்தால் வருத்தப்படுவார் என்று வாங்கி, அடுத்த பயணத்துக்கென்று தனியாக எழுதி வைத்திருக்கிறோம்.

விசா இல்லாத அனுமதியை மலேசியா 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறது. அதற்குள் இன்னொரு முறை பினாங்கு பக்கம் போகலாம் என்று பேச்சு. இந்த முறை மதுரையிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் அவர்கள் மகன் குடும்பமும் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், பதினாறு பேராகிறது. மூன்றாவது வண்டி வேண்டும். அதை ஓட்டுவதற்கு அண்ணி ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்.