கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பவர்கள்

எங்கள் அப்பா ஒரு கால்பந்து ஆட்டத்தைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. எரியோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பொங்கலை ஒட்டி செவன்ஸ் போட்டி நடக்கும். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்தாலும் தூங்காமல் கிளம்பிவிடுவார். அவர் நிற்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். மேற்குப் பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், கயிற்றுக்கும் வேலிக்கருவைப் புதருக்கும் நடுவில். அப்பா மட்டுமல்ல, எங்கள் காலனியே அங்கேதான் நிற்கும். மைதானத்தின் இரண்டு நீளப் பக்கங்களும் ஊர்க்காரர்களுக்கு. நடுக்கோட்டுக்கு நேராகப் பந்தல், நாற்காலி, மைக்செட். யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதில் இன்னொன்றும் உண்டு. ஆட்டம் களைகட்ட எங்கள் கொட்டு வேண்டும். கமிட்டியே ஆள் அனுப்பி எங்கள் தெருப் பையன்களைக் கூப்பிடும். கோல் விழுந்தால் கொட்டு, கோப்பை தூக்கினால் கொட்டு. எங்கள் சத்தம் மைதானம் முழுக்கப் போகலாம். எங்கள் கால் மட்டும் மூலையைத் தாண்டக் கூடாது.

2002-ல் எனக்குப் பதினொரு வயது. அந்த வருட இறுதிப் போட்டியில் எங்கள் காலனிப் பையன்கள் ஆடினார்கள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம், இடம் மட்டும் அதே மூலை. பந்து வெளியே போகாமலிருக்கவும், நாங்கள் உள்ளே வராமலிருக்கவும், கயிற்றை ஒட்டி முள்கட்டையை வெட்டிப் போட்டிருந்தார்கள். வெளியே போகும் ஒரே வழியை அடைத்துக்கொண்டு ஒரு டிராக்டர் நின்றது. கடைசி நிமிடங்களில் எங்கள் பையன்கள் கோல் போட்டதும் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்க முன்னால் சாய்ந்தார்கள். முன்னால் முள். எட்டு வயதுத் தம்பி என் கையைப் பிடித்திருந்தான். பிடி நழுவியது. அவனைத் தூக்கி வெளியே எடுத்தபோது காறை எலும்பு முறிந்திருந்தது. இரண்டு அக்காமார்கள் மயங்கிக் கிடந்தார்கள்.

அப்போது மைக்கில் வந்த குரலை நான் மறக்கவில்லை. "குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்றவங்க வெளிய போயிருங்க." மறுநாள் டீக்கடையில் பேச்சு: "காலனிக்காரங்க முண்டியடிச்சாங்க, வேலியில விழுந்தாங்க."

முண்டியடித்தல். கூட்டத்தில் சிக்கி யார் செத்தாலும் நம் செய்தித்தாள்கள் பயன்படுத்தும் சொல் இது. அந்த ஒரு சொல்லுக்குள் விசாரணையும் தீர்ப்பும் முடிந்துவிடுகின்றன. இடத்தை யார் ஒதுக்கியது, வழியை யார் அடைத்தது என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை.

முதுகலை சமூகவியல் படிக்கும்போதுதான் ஹில்ஸ்பரோவைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து மைதானம். 1989 ஏப்ரல் 15, லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் அரையிறுதி. கோல் கம்பத்துக்குப் பின்னால், நின்று பார்க்கும் படிக்கட்டுப் பகுதியில் லிவர்பூல் ரசிகர்கள். அந்த இடத்தைக் கம்பிவேலி போட்டுக் கூண்டு கூண்டாகப் பிரித்திருந்தார்கள். ரசிகர்கள் ரவுடிகள், மைதானத்துக்குள் குதித்துவிடுவார்கள் என்ற பயத்தில் போட்ட வேலி அது. வெளியே நெரிசல் அதிகமானதும் காவல்துறை ஒரு பெரிய கதவைத் திறந்தது. உள்ளே வந்த கூட்டம் நேராக நடுக்கூண்டுகளுக்குப் போனது. அவை ஏற்கெனவே நிரம்பி வழிந்தன. அங்கே போகும் சுரங்க வழியை யாரும் மூடவில்லை. ஆட்டம் தொடங்கி ஆறு நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. அந்த நெரிசல் மொத்தம் 97 உயிர்களைக் குடித்தது. கடைசியாக இறந்தவர் 32 ஆண்டுகள் பாதிப்போடு வாழ்ந்து 2021-ல் இறந்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாகவில்லை. மார்பு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டிச் செத்தார்கள்.

அடுத்து நடந்தது எனக்குப் புதிதல்ல. ரசிகர்கள் குடித்திருந்தார்கள், டிக்கெட் இல்லாமல் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று காவல்துறை சொன்னது, பத்திரிகை அச்சடித்தது. இறந்தவர்களின் ரத்தத்தில் சாராயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள், குழந்தைகளையும் விடவில்லை. இறந்தவர்களில் மிக இளையவனுக்கு வயது பத்து. காவலர்களின் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டது 2012-ல்தான் முழுமையாக வெளியே வந்தது. குடும்பங்கள் 27 ஆண்டுகள் போராடி 2016-ல்தான், இது சட்டவிரோதக் கொலை, ரசிகர்கள் மேல் தவறில்லை என்ற தீர்ப்பைப் பெற்றன. லிவர்பூல் உழைக்கும் மக்களின் துறைமுக நகரம். அவர்களுக்கு என்ன சாதி என்று யாரும் கேட்கத் தேவையில்லை. கூட்டமாக நிற்கும் ஏழையை உலகம் எங்கும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள்.

1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் தடியடிக்குப் பயந்து தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள். அவர்களும் முதலில் 'கும்பல்' என்றுதான் அழைக்கப்பட்டார்கள். 2025 செப்டம்பர் 27-ல் கரூர் பிரச்சாரக் கூட்டத்தில் 41 பேர் செத்தார்கள். எங்கள் ஊர் வழியாகப் போகும் ரயில் பாதையிலேயே இருக்கும் ஊர் அது. அன்று இரவே வாட்ஸ்அப்பில் வந்த கேள்வி, "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அங்க ஏன் போனாங்க?"

ஹில்ஸ்பரோவுக்குப் பின் டெய்லர் என்ற நீதிபதி விசாரித்தார். பேரழிவுக்கு முக்கியக் காரணம் காவல்துறை கட்டுப்பாட்டை இழந்ததுதான் என்று சொன்னார். பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். மைதானங்கள் பாதுகாப்பானவை ஆயின. கூடவே டிக்கெட் விலையும் ஏறியது. நின்று பாடிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பலர் வீட்டுக்குப் போனார்கள், மைதானம் மெளனமானது என்று அந்த நாட்டு ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். வந்தவர்களும் உட்காரவில்லை, நாற்காலிக்கு முன்னாலேயே நின்றார்கள். முன்னால் முட்டி உயர நாற்காலி முதுகு இருக்கும்போது நின்றால், ஒருவர் தடுமாறினாலும் பல வரிசை சரியும்.

இதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை சென்னை நேரு மைதானத்துக்குச் சென்னையின் எஃப்சி ஆட்டத்துக்கு அழைத்துப்போனேன். டிக்கெட்டில் இருக்கை எண் இருந்தது. ஆனால் 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' ரசிகர்கள் தொண்ணூறு நிமிடமும் நின்றபடியே பாடினார்கள், எங்கள் பிள்ளைகளும் நின்றார்கள். பக்கத்தில் நின்ற அண்ணன் ஒருவர் எங்கள் பையன் தோளில் கைபோட்டுக் குதித்தார். எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் அந்தப் பையன் சொன்னது ஆட்டத்தைப் பற்றியல்ல. "அக்கா, அந்தண்ணன் என் மேல கை போட்டாருல்ல."

இங்கிலாந்து 2022-ல் நிற்கும் இடங்களை மீண்டும் அனுமதித்தது. ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவு உயரக் கம்பி, ஒரு டிக்கெட்டுக்கு ஓர் இடம், நடைபாதை காலியாக இருக்க வேண்டும். பின்னால் இருப்பவர் சாய்ந்தாலும் கம்பி தாங்கிக்கொள்ளும். ஜெர்மனியின் டார்ட்முண்டில் கோல் கம்பத்துக்குப் பின்னால் சுமார் 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். டிக்கெட்டும் மலிவு. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து வியந்து பார்க்கும் இடம் அது. நிற்பது ஒருபோதும் ஆபத்தாக இருந்ததில்லை. நிற்பவரை மனிதராக எண்ணி இடம் அமைக்காததுதான் ஆபத்து.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இந்தத் தை மாதப் போட்டிக்கு முன் நடந்த கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கரூருக்குப் பிறகு எல்லோருக்கும் பயம். அனுமதி தர வந்த காவல்துறை அதிகாரி நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "மேடம், உங்க ஆளுங்கள தனியா ஒரு பக்கம் நிறுத்திருங்க. அவங்களுக்கும் சேஃப்டி." எங்கள் காலனிப் பெரியவர் ஒருவரே தலையாட்டினார். "ஆமா தாயி, தனியா நின்னா வம்பில்ல."

பதில் சொல்வது எளிதாக இல்லை. ரசிகர்களைப் பிரிக்காததால் செத்த வரலாறும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ரசிகர்கள் ஒரே பகுதியில் கலந்திருந்தார்கள். அடிதடி, நெரிசல், 16 பேர் பலி. ஆனால் அது அணிக்கு அணி பிரிப்பது. ஈஸ்ட் பெங்கால் ரசிகர் நாளைக்கு மோகன் பகானுக்கு மாறலாம், மாறாமலும் இருக்கலாம், அது அவர் விருப்பம். நான் காலனியில் பிறந்ததை எந்தச் சட்டை போட்டு மாற்றுவது? அணியை வைத்துப் பிரித்தால் அது ஏற்பாடு. பிறப்பை வைத்துப் பிரித்தால் அது தீண்டாமை, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தாலும். இதைச் சொன்னேன். அறை சற்று நேரம் பேசவில்லை.

பிறகு கணக்கை எடுத்து வைத்தேன். இங்கிலாந்தின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி, நிற்கும் இடத்துக்கு 10 சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 47 பேர் என்கிறது. எங்கள் மைதானத்தின் ஒரு நீளப் பக்கத்தில் 50 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் 150 சதுர மீட்டர். அந்தக் கணக்கில் 705 பேர். படி இல்லை, மண் தரை என்பதால் 300 பேருக்கு மேல் வேண்டாம் என்றோம். முள்கட்டை கிடையாது. சவுக்குக் கம்பில் இடுப்பளவுக்குத் தடுப்பு. இரண்டு இடத்தில் வெளியே போகும் வழி, அங்கே வண்டி நிற்கக் கூடாது. நான்கு பக்கமும் நிற்கலாம், முதலில் வருபவர் முதலில். நிறைந்தால் அடுத்த பக்கம். ஒழுங்குபடுத்தும் பையன்கள் ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் சேர்ந்து. அதிகாரி காகிதத்தை இரண்டு முறை படித்தார். "இது ஓகேதான்" என்றார். கமிட்டியில் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

போட்டி நடந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வெற்றி என்று எழுதிவிட ஆசைதான், ஆனால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பெண்கள் முதல்முறையாக நடுக்கோட்டுப் பக்கம் நின்றார்கள். அவர்கள் வந்ததும் அங்கிருந்த சிலர் நகர்ந்து, இரண்டு கை அகலத்துக்கு இடைவெளி விட்டு நின்றார்கள். அந்த இடைவெளியைப் பாதுகாப்பு ஏற்பாட்டில் சேர்த்து எழுத நான் தயாராக இல்லை. இரண்டாம் பாதியில் ஒரு கோல் விழுந்தபோது அந்த இடைவெளி சில நொடிகள் காணாமல் போனது. பிறகு மறுபடி வந்தது.

அப்பாவைப் பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். பழைய இடத்தில், மேற்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றார். எனக்குக் கோபம் வந்தது.

"எதுக்குப்பா இங்கிட்டு வந்தீங்க?"

"இங்கிட்டு நின்னாத்தான் பாப்பா கோலு நேராத் தெரியும். நாப்பது வருசமாப் பாக்குறேன்ல." பிறகு பக்கத்தில் நின்ற ஓர் ஊர்ப் பையனைக் காட்டினார். "இந்தா, இவனும் அதுக்குத்தான் வந்து நிக்கிறான்."

முள்கட்டை இருந்த இடத்தில் சவுக்குக் கம்பு. அதில் இரண்டு பேரும் கை ஊன்றி நின்றிருந்தார்கள். தம்பியின் காறை எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில்தான்.