மாயன் குகைக்கு லட்சங்கள்... குடியம் குகைக்குச் சில நூறு ரூபாய் போதும்! வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு பட்ஜெட் ட்ரிப்

மெக்ஸிகோவின் சிச்சேன் இட்ஸா, குவாத்தமாலாவின் டிக்கல், பெலிஸ் நாட்டுக் காட்டுக்குள் இருக்கும் ஆக்டுன் டுனிச்சில் முக்னல் குகை... வேலப்பன்சாவடியில் வாடகை வீட்டில் சேர்ந்து தங்கியிருக்கும் நாங்கள் நான்கு பேர், மாயன் நாகரிகத்தைப் பார்க்க ஆறு மாதமாக வாட்ஸ்அப்பில் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். விமான டிக்கெட்டைக் கூட்டிப் பார்த்ததிலேயே நால்வரின் சேமிப்பும் காலி. விசா, தங்குமிடம் எல்லாம் அதற்கு மேல். அந்த பெலிஸ் குகைக்குள் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் கால் வைக்கவே முடியாது. கேமராவுக்கும் தடை. சுற்றுலாப் பயணி ஒருவரின் கேமரா விழுந்து பழங்கால மண்டையோடு உடைந்த பிறகு வந்த கட்டுப்பாடு அது.

சரி, பழைமையும் குகையும்தானே வேண்டும்? இரண்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம், அல்லிக்குழி மலைத்தொடரில் குடியம் குகை.

வேலப்பன்சாவடி என்றாலே பலருக்குத் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குத் திரும்பும் இடம்தான். அங்கிருந்து பூந்தமல்லிக்கு பஸ் ஏறுங்கள். பெண்களுக்கு, சாதாரணக் கட்டண பஸ் கிடைத்தால் டிக்கெட்டே இல்லை. பூந்தமல்லியில் மாறித் திருவள்ளூர். ரயில்தான் பிடிக்கும் என்றால் ஆவடி போய் மின்சார ரயிலில் திருவள்ளூரில் இறங்கலாம். அங்கிருந்து பூண்டி வழியாகப் போகும் பஸ். குடியம் கிராமத்துக்கு பஸ்ஸை நம்ப வேண்டாம். பூண்டியிலேயே ஆட்டோ பேசி, திரும்பி வரும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். இந்த ட்ரிப்பில் பர்ஸைக் கடிப்பது அந்த ஆட்டோ மட்டும்தான். நான்கு பேராகப் பிரித்துக்கொண்டால் அதுவும் தெரியாது.

கிராமத்தைத் தாண்டியதும் நடைதான். முள்புதருக்கு நடுவே, உருண்டைக் கற்கள் கொட்டிக்கிடக்கும் ஒற்றையடிப் பாதை. நிழல் குறைவு, டீக்கடை கிடையாது. ஷூ கட்டாயம், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். பாதை பல இடங்களில் பிரிவதால், ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவருக்கு ஒருநாள் கூலி கொடுப்பது நல்லது.

குகை என்றதும் இருட்டுச் சுரங்கத்தைக் கற்பனை செய்யாதீர்கள். மலையே முன்னால் குனிந்து நிற்பதுபோல ஒரு பிரமாண்டமான பாறைக்கூரை. அண்ணாந்து பார்த்தால், கூழாங்கற்களை சிமென்ட்டில் பதித்ததுபோல் இருக்கிறது. அந்தக் காலத்து ஆறு உருட்டிவந்த கற்கள் இறுகிப் பாறையானவை அவை. கூரையில் பெரிய பெரிய தேன்கூடுகள் தொங்குகின்றன. வாசனை ஸ்ப்ரே, புகை, கூச்சல் மூன்றும் கூடாது. உள்ளே ஊர் மக்கள் கும்பிடும் அம்மன் இருக்கிறாள். மாயன் மக்களும் குகையைத் தெய்வங்களின் இடமாகக் கருதிப் பானைகளைப் படைத்திருக்கிறார்கள்.

இந்தக் குகையில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது கற்கருவிகள் கிடைத்தன, ஆனால் குறைவாகவே. ஆதிமனிதர்கள் இங்கே நிரந்தரமாகக் குடியிருக்காமல், மழைக்கு ஒதுங்குவதுபோல வந்துபோயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கருவிகள் குவியல் குவியலாகக் கிடைத்த இடம், இதே கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் இருக்கும் அத்திரம்பாக்கம். 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் இங்கே வந்தார். சாந்தி பப்பு தலைமையிலான குழு பின்னர் நடத்திய அகழாய்வில், அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் வயது என்று 2011-ல் தெரியவந்தது. மாயன் நகரங்கள் உச்சத்தில் இருந்தது கி.பி. 250 முதல் 900 வரை, அதாவது நம் பல்லவர் காலத்தை ஒட்டி!

அந்த 15 லட்சம் என்ற கணக்கு எப்படி வந்தது தெரியுமா? வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் காஸ்மிக் கதிர்கள் பட்டு சில அணுக்கள் உருவாகின்றன. ஆழமாகப் புதைந்ததும் அவை உருவாவது ஏறக்குறைய நின்று, இருந்தவை மெல்லச் சிதைகின்றன. மீதியை அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று தெரியும். எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதும் ஆய்வுக்கு முக்கியம். யாரோ ஒருவர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன கல்லை வைத்து இந்தக் கணக்கு எதையும் போட முடியாது. குடியம் பாதையில் தடுப்பு வேலியோ, டிக்கெட் கவுன்டரோ, பையைச் சோதிக்க ஆளோ இல்லை. எங்களில் ஒருத்தி ஷோகேஸுக்காக எடுத்த அழகான கல்லை, கூட வந்த ஊர்ப் பெரியவர் வாங்கி, எடுத்த இடத்திலேயே வைத்தார். "இதெல்லாம் இங்கயே கெடக்கட்டும்மா" என்றார். அவ்வளவுதான்.

கற்கருவிகளை ஆசை தீரப் பார்க்க, பூண்டியிலேயே தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுக் குகைக்குப் போனால், காலடியில் கிடக்கும் கல் வேறு மாதிரி தெரியும். ஆனால் வெயிலுக்கு முன் நடக்கவேண்டும் என்பதால், குகை காலையில், அகழ்வைப்பகம் மதியம் என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். விடுமுறை நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். குகை இருப்பது காட்டுப் பகுதி என்பதால் வனத்துறையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்கள் சரியான நேரம். சித்திரை வெயிலில் வேண்டவே வேண்டாம். மாலையில், 1944-ல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கக் கரையில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, இருட்டுவதற்குள் திருவள்ளூருக்கு பஸ் பிடித்துவிடுங்கள்.