அப்பாவின் கணக்கில் ஒரு வரி

அப்பா இறந்த 11-ம் நாள், அவருடைய போனை அம்மா என் கையில் கொடுத்தார். "யார் யாருக்குப் பாக்கின்னு இதுலதான் எழுதி வெச்சிருப்பார். பதினாறாம் நாளுக்குள்ள எல்லாத்தையும் கொடுத்துடணும்மா. அவர் கடனோட போகக் கூடாது."

மூன்று வருடக் கணக்கு. 'அண்ணாச்சி கடை 1,250 பாக்கி' என்பதுபோல தினமும் நாலைந்து வரிகள். எல்லாவற்றையும் படிக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் நான் புரோகிராமர். பைதானில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்றொரு வசதி உண்டு. நமக்கு வேண்டிய வரி எந்த வடிவத்தில் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தால், சல்லடைபோல அதை மட்டும் சலித்துத் தரும்.

'பாக்கி' இருக்கும் வரிகளைப் பிரித்தேன். பிறகு சொற்களைத் தனியாகவும் எண்ணைத் தனியாகவும் எடுக்கச் சொன்னேன். வந்ததைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். 'அண்ணாச்சி' நான்கு துண்டாகியிருந்தார்: அண, ண, ச, ச!

பைதானுடன் வரும் நூலகத்தின் வழக்கமான குறியீடு, நம்முடைய புள்ளியையும் கொம்பையும் காலையும் எழுத்தாக ஏற்பதில்லை. அவை வந்த இடத்தில் சொல் முடிந்ததாக நினைத்துக்கொள்கிறது. அதனால் குறியீட்டை மாற்றினேன். 'எழுத்துகளை எடு' என்பதற்குப் பதில், 'இடைவெளியும் எண்ணும் அல்லாததை எல்லாம் எடு' என்றேன். அண்ணாச்சி முழுசாக வந்தார்.

பட்டியலை அம்மாவிடம் காட்டினேன். "அண்ணாச்சிக்கு ஒரு ரூபாயா பாக்கி?" என்றார். 1,250-ல் கமாவோடு எண் முடிந்துவிட்டதாக என் சல்லடை நினைத்திருக்கிறது. கமாவையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். கடைசியில் ஒன்பது பேர் தேறினார்கள்.

"அவ்வளவுதாம்மா" என்றேன். அம்மா கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பாவின் போனை முதலில் இருந்து தள்ளித் தள்ளிப் படித்தார். இரண்டு நாள். நடுவில் சிரித்தார், சில இடங்களில் அழுதார். ஒரு வரியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

'டீச்சருக்குக் கொடுத்தது. திருப்பிக் கேட்க வேண்டாம்.'

அதில் எண் இல்லை. 'பாக்கி' என்ற சொல்லும் இல்லை. நான் எழுதிய எந்த வடிவத்திலும் அது சிக்கியிருக்காது. சல்லடை, நான் கேட்டதை மட்டும்தான் தேடும். அப்பாவிடம் இப்படியொன்று இருக்கும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

16-ம் நாள் சாப்பாட்டுக்கு டீச்சரும் வந்திருந்தார். ஏதோ சொல்ல வந்தவரைத் தடுத்து, "இன்னும் கொஞ்சம் பாயசம் போட்டுக்கங்க டீச்சர்" என்றார் அம்மா.