அனுப்பியதைக் கற்பித்தேன் என்றேன்

2020-21ஆம் கல்வியாண்டில் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்ததாகப் பதிவேட்டில் எழுதினேன். சம்பளத்தையும் முழுதாக வாங்கினேன். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு இதை மறைப்பது இன்னொரு தவறு. அதனால் எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியதற்கு நான் பொறுப்பில்லை. வழியே இல்லாமலும் போய்விடவில்லை. முந்தைய ஆண்டே தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. பாடநூலில் இருந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் காணொளி திறந்தது. யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று பார்க்கிற வேலைதான் எனக்கு மிச்சமிருந்தது. அதைத்தான் விட்டேன். காலையில் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போடுவேன். மாலையில் பிள்ளைகள் நோட்டைப் படமெடுத்து அனுப்புவார்கள். எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் குறி போடுவேன்.

முழுக்கள் பாடத்தில் (−3) − (−5) என்றொரு கணக்கு. விடை 2. ஒரு பையன் −8 என்று அனுப்பினான். அடுத்தடுத்து வந்த நோட்டுகளிலும் அதே −8. பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது உடனே தெரிந்தது. குறை எண்ணைக் கழித்தால் கூட்டலாகும் என்பது புரியாமல் நிற்கிறார்கள் என்பதும் தெரிந்தது. வகுப்பறையாக இருந்திருந்தால் தரையில் எண்கோடு வரைந்து, அந்தப் பையனையே அதன்மேல் நடக்கவிட்டிருப்பேன். அன்று ஒருவருக்குக்கூடப் போன் செய்யவில்லை. அந்த நோட்டுகளுக்கும் கட்டைவிரல் குறிதான்.

அந்தக் குழுவிலேயே இல்லாத பிள்ளைகளுக்குச் செய்தது இதைவிடக் கொடுமை. ஒரு மாணவியின் வீட்டிலிருந்த ஒரே கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், இரவில்தான் திரும்பும். அவள் பெயருக்கு நேரே ‘தொடர்பில் இல்லை’ என்று எழுதினேன். அவள் வீடு எனக்குத் தெரியும். ஊரடங்கு தளர்ந்த மாதங்களில்கூட அந்தத் தெருப் பக்கம் நான் போகவில்லை.

2021 நவம்பர் 1 அன்று பள்ளிக்கு வந்தபோது என் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு. பலருக்கு வகுத்தலே மறந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் திண்ணையிலும் தெருவிலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சியும் பட்டமும் பெற்ற நான் போயிருக்க வேண்டிய இடங்களுக்கு அவர்கள் போனார்கள்.

கைபேசியின் மேல் பழிபோட எனக்கு உரிமையில்லை. அது தன் வேலையைச் செய்தது. நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். விடை இன்று எங்கும் கிடைக்கிறது. பிள்ளை எந்த வரியில் தடுமாறுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்து, அந்த வரியைத் திருத்தித் தர ஓர் ஆள் இருப்பதுதான் பள்ளிக்கூடத்தின் மதிப்பு. அந்த ஆளாக இருக்கத்தான் என்னை நியமித்தார்கள்.

ஸ்மார்ட் வகுப்பறையில் நிற்கும் ஆசிரிய நண்பர்களே, காணொளியைத் தாராளமாகக் காட்டுங்கள். முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு ஒவ்வொரு நோட்டையும் உங்கள் கண்ணால் பாருங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். இந்த இரண்டையும் செய்யாதவர் பாடம் நடத்தியதாகப் பதிவேட்டில் எழுதக் கூடாது.