கயிறும் தூக்குப்போசியும்

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் கிடைக்கவில்லை. பெயரில்லாமல் விட மனம் வரவில்லை போலும். அவரவர் பாட்டில் எது மனத்தில் நின்றதோ அதையே எடுத்துப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். செம்புலப்பெயல்நீரார் எல்லோருக்கும் தெரிந்தவர். ஓரேருழவனார், விட்டகுதிரையார், குப்பைக்கோழியார், மீனெறிதூண்டிலார் என்று வரிசை நீளும். இவர்களுக்கு ஊர் தெரியாது, தகப்பன் பெயர் தெரியாது. படிமம் ஒன்றுதான் முகவரி.

கதை எழுதுவதும் பிறர் கதைகளைத் திருத்திக் கொடுப்பதுமே வேலையாகிப்போன எனக்கு, இந்த வரிசையில் மிகவும் பிடித்தவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். நற்றிணையின் 284ஆம் பாட்டு அவருடையது. பொருள் தேடப் போன இடத்தில் ஒருவன் தவிக்கிறான். அவளிடம் திரும்பிப் போகலாம் என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையை முடிக்காமல் போனால் இகழ்ச்சிதான், அவசரப்படாதே என்கிறது அறிவு. இரண்டு களிறுகள் இரு முனையிலும் பற்றி இழுக்கிற பழங்கயிறாகத் தன் உடம்பு அழிந்துபோகுமோ என்று அவன் கேட்கிறான்.

அந்தக் கயிற்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். உடம்புக்கும் கயிற்றுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை ஏதும் கிடையாது. நடப்பதில்தான் ஒற்றுமை. இழுபடுகிறது, புரி தேய்கிறது, அறுந்துபோகப் பார்க்கிறது. யானைகளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நெஞ்சும் அறிவும் தத்தம் பலத்தோடு அப்படியே இருக்கும். அழியப்போவது நடுவில் மாட்டிக்கொண்டதுதான். கயிறு பழையது என்பதும் சும்மா வந்ததல்ல. புதுக்கயிறாக இருந்தால் இது ஒரு நாள் சங்கடம். பழையது என்றதும், இவன் இதற்கு முன்னும் இப்படி இழுபட்டவன், இன்னொரு இழுப்புக்குத் தாங்கமாட்டான் என்று முழு வாழ்க்கையும் உள்ளே வந்துவிடுகிறது. ஓர் அடைமொழி செய்த வேலை அது.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறார். செயல், விளைவு, வடிவம், நிறம். வினை முதலில் வந்ததற்குச் செய்யுளின் ஓசைகூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் என் மேசைக்கு வரும் கைப்பிரதிகளைப் படித்துப் படித்து, அதுவே தரவரிசையும்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் மெய்யிலும் உருவிலும் நின்றுவிடுகிறார்கள். நிலவும் வட்டம், முகமும் வட்டம். வாசகர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அவர் செய்வதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

கோவையில் பஞ்சாலை மூடப்பட்டு வேலையிழந்த ஒருவரைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எப்படி? ஒடிந்த மரம் போல என்று கை தானாக எழுதியது. முதல் எழுத்தில் இப்படி வருவது சகஜம். கையில் எது கிடைக்கிறதோ அதை வைத்து இடத்தை நிரப்பிக்கொண்டு மேலே போகவேண்டியதுதான். திரும்ப வரும்போது கேட்கவேண்டிய கேள்வி வேறு. இவர் எதைப் போல இருக்கிறார் என்று கேட்கக் கூடாது, என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும். மில் சங்கு ஊதுவது நின்று வெகுநாளாயிற்று. ஆனாலும் ஷிப்டு நேரத்துக்கு எழுந்து, காலித் தூக்குப்போசியைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, திண்ணை ஓரத்தில் கவிழ்த்து வைக்கிறார். அவ்வளவுதான். மரம் போயிற்று, ‘போல’வும் போயிற்று. அடுத்த வரியில் ‘அவர் மனமும் அப்படிக் கவிழ்ந்துகிடந்தது’ என்று எழுதிவிடத்தான் கை பரபரக்கும். எழுதியிருந்தால் போசி செத்துப்போயிருக்கும்.

இந்தச் சொல்லாமல் விடும் கலைக்கு நம்மிடம் பழைய இலக்கணமே இருக்கிறது. உள்ளுறை என்பது அதுதான். குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் வயலோர மாமரத்திலிருந்து உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிறது. சொல்கிறவள் பரத்தை. தலைவன் தானாகத்தான் வந்தான், நான் பிடித்து இழுக்கவில்லை என்பது அவள் கட்சி. அதை மீன் சொல்லிவிடுகிறது. அதே பாட்டில் வெளிப்படையான உவமையும் உண்டு. மனைவிக்கு முன்னால் அவன் கண்ணாடியில் தெரியும் உருவம் மாதிரி, கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்குகிறான். ஆலங்குடி வங்கனாரின் இந்த ஒரு பாட்டை வைத்துக்கொண்டே ஒரு நாள் பட்டறை நடத்திவிடலாம். மறைந்ததும் வெளிப்பட்டதும் இரண்டுமே வினைதான்.

என் கதையைப் படித்த ஓர் அம்மா, அந்தத் தூக்குப்போசி பித்தளை, அடியில் பெயர் வெட்டியிருந்தது என்று உறுதியாகச் சொன்னார். நான் பித்தளை என்றும் எழுதவில்லை, பெயர் வெட்டியதாகவும் எழுதவில்லை. அவர் வீட்டுப் போசி கதைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்னொரு வாசகி இதற்கு நேர்மாறு. கண்ணை மூடினால் அவருக்கு இருட்டுதான். பெற்ற தாயின் முகம்கூடப் படமாக வராது. இப்படிப்பட்டவர்கள் இருப்பது புதுச் செய்தி அல்ல. 1880இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, காலையில் சாப்பிட்ட மேசையை மனத்தில் கொண்டுவரச் சொல்லிப் பலரையும் கேட்டார். விஞ்ஞானிகளில் பலர், மனக்காட்சி என்பதே ஏதோ பேச்சு அலங்காரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். 2015இல் ஆடம் ஜீமன் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் இந்த நிலைக்கு அஃபேன்டேசியா என்று பெயர் வைத்தார்கள். அந்த வாசகிக்குக் கயிறும் தெரிவதில்லை, களிறும் தெரிவதில்லை. ஆனால் நற்றிணைப் பாட்டைப் படிக்கும்போது தோள்பட்டை இறுகுகிறது என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் என் சந்தேகம் உறுதிப்பட்டது. படிமத்தைப் படம் என்று நினைத்துக்கொண்டு நாம் கண்ணுக்கு மட்டும் தீனி போடுகிறோம். மூக்கும் தோலும் முதுகும் காத்துக்கொண்டிருக்கின்றன. ஸ்பெயினில் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இலவங்கப்பட்டை போன்ற மணமுள்ள பொருள்களின் பெயரைப் படித்தாலே மூளையில் வாசனையை உணரும் பகுதிகள் வேலை செய்யத் தொடங்குவதைக் கண்டார்கள். வெறும் சொல்லுக்கே இவ்வளவு என்றால், இழுபடும் கயிற்றுக்குத் தோள் இறுகுவதில் என்ன வியப்பு?

உடம்புக்குள் இறங்குவதால்தான் படிமத்திடம் எனக்குப் பயமும் உண்டு. கருத்தோடு வாசகர் வாதாடுவார், படிமத்தோடு வாதாடமாட்டார். பெண்ணை நிலம் என்று ஒருமுறை எழுதி அது அழகாகவும் அமைந்துவிட்டால், உழுகிறவனும் வேலி போடுகிறவனும் பட்டா வைத்திருக்கிறவனும் அழைக்காமலே வந்து சேர்வார்கள். எழுதியவர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார். இது கவித்துவச் சலுகைக்குள் அடங்காது. நிலம் என்று எழுதினால் பட்டா யார் பெயரில் என்பதற்கும் எழுதியவர்தான் பொறுப்பு.

அடுத்தது அளவு. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகையில் எழுதிய பிரமிளைப் படிமக் கவிஞர் என்றே சொல்கிறோம். அவரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவர்களும் உண்டு. வரிக்கொரு படிமம், எதுவும் எதோடும் ஒட்டாது. இதற்கு நேர்மாறாக, கவிஞர் எஸ்ரா பவுண்ட் பாரிஸ் மெட்ரோ நிலையத்தில் பார்த்த முகங்களைப் பற்றி முதலில் 30 வரி எழுதினார். அதைக் கிழித்தார், பாதியாக்கினார். 1913இல் அச்சில் வந்தது இரண்டே வரி. இருபத்தெட்டு வரியும் மோசமாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நல்ல வரியையும் அடிக்கத் தெரிந்திருந்தது, அதுதான் விஷயம்.

எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கதையை அனுப்புமுன் பென்சிலை எடுத்து, ‘போல’, ‘மாதிரி’ வருகிற இடங்களையெல்லாம் சுழித்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒத்துப்போவது தோற்றமா செயலா என்று பாருங்கள். தோற்றம் மட்டும்தான் என்றால் தயங்காமல் அடித்துவிடுங்கள். கதை சுருங்கிவிடுமே என்ற கவலை வேண்டாம். சிற்றிதழ்களில் பக்கம் எப்போதும் பற்றாக்குறைதான்.