சிறுதேர்

கொடை என்றவுடன் நம் நினைவிற்கு வருவோர் கடையெழு வள்ளல்கள். அவர்களுள் பறம்பு மலைத் தலைவனாகிய பாரி, பற்றிப் படர்வதற்குக் கொழுகொம்பு இன்றித் தளர்ந்து கிடந்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே ஈந்தான் என்பர். பொதினி மலைக்கு உரிய பேகன், மயில் ஒன்று குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான் என்பர். முல்லைக்குத் தேர் எதற்கு, மயிலுக்குப் போர்வை எதற்கு என்று வினவுவோர் உளர். சற்றே எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். புலவர் வந்தால் தமக்கு வேண்டுவதைப் பாட்டிலே உணர்த்துவர். பாணர் வந்தால் பசித்தோம் என்று உரைப்பர். முல்லைக்கு வாயில்லை, மயிலுக்கு மொழியில்லை. கேட்க இயலாத உயிரின் குறையைக் கண்ணால் கண்டு, கருத்தால் உணர்ந்து கொடுத்தமையே அவ்விருவர் கொடைக்கும் தனிச்சிறப்பாகும்.

தனக்கு வேண்டுவது இன்னது என்று சொல்லத் தெரியாத உயிர் நம் வீடுகளிலும் உண்டு. அது குழந்தை. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிய செயல்போலத் தோன்றும். கடைக்குச் சென்று, கண்ணைக் கவரும் பொருளை எடுத்து, விலையைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று பலர் கருதுவர். அஃது அத்துணை எளிதன்று என்பதை என் பேரன் எனக்குக் கற்பித்தான்.

யான் பள்ளியில் 34 ஆண்டுகள் தமிழ் பயிற்றி ஓய்வு பெற்றவன், மயிலாடுதுறையில் வாழ்கின்றேன். என் மகன் சென்னையில் பணிபுரிகின்றான். மருமகளும் அலுவலகம் செல்பவள். சென்ற மார்கழித் திங்களின் இறுதியில், பொங்கல் விழாவிற்காக அவர்கள் பேரனுடன் இங்கு வந்தனர். பேரனுக்குத் தைத் திங்களில் இரண்டு வயது நிறைவதாக இருந்தது. அந்நாளில் அவனுக்குச் சிறந்ததொரு பரிசு வழங்கவேண்டும் என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. எதை வழங்குவது என்பதில்தான் கருத்துகள் பிரிந்தன.

"பொன்னில் ஒரு சங்கிலி செய்து போடுவோம்; பிற்காலத்திற்கும் உதவும்" என்றாள் என் மனைவி.

"மின்கலத்தால் ஓடும் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கின்றேன், அப்பா. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், பாட்டும் பாடும்" என்றான் மகன்.

மருமகள் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையின் தலையை வருடியபடி அமர்ந்திருந்தாள். பிறகு மெல்லக் கூறினாள்: "மாமா, இவன் பேசினால் போதும். எனக்கு அதுவே பெரிய பரிசு."

அவள் கவலை எனக்குப் புரிந்தது. இரண்டு வயதை எட்டும் குழந்தைகள் பொதுவாக ஏறத்தாழ 50 சொற்களைப் பேசுவர். "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொற்களை இணைக்கவும் தொடங்குவர். என் பேரனிடமோ ஆறேழு சொற்களே இருந்தன. வேண்டியதைக் கைநீட்டிக் காட்டுவான், கிடைக்காவிடின் அழுவான். சென்னையில் மருத்துவர் ஒருவர் அவனைச் சோதித்து, செவியில் குறையொன்றும் இல்லை என்று அறிந்தபின், இரண்டு அறிவுரைகள் கூறியிருந்தார். குழந்தையுடன் நிரம்பப் பேசவேண்டும் என்பது ஒன்று. கைப்பேசித் திரையைக் குறைக்கவேண்டும் என்பது மற்றொன்று. சில திங்கள் கழித்து மீண்டும் அழைத்து வருமாறும் சொல்லியிருந்தார். உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையும், இரண்டு வயதுக் குழந்தை திரைமுன் அமரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்றும், அதனினும் குறைந்தால் நன்று என்றும் கூறுகின்றது. சொல் வளர்வதற்கு மறுமொழி வேண்டும். திரை ஓயாமல் பேசும். ஆனால், குழந்தை சொல்வதைக் கேளாது.

பரிசு இன்னது என்று துணிவதற்குமுன், சில நாள் பேரனை உற்று நோக்குவது என்று முடிவு செய்தேன். அவன் நடப்பது குறைவு, ஓடுவதே மிகுதி. கையில் அகப்பட்ட எதனையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்வான். அடுக்களைக் கரண்டி கூடத்திற்கு வரும். என் மூக்குக்கண்ணாடிக் கூடு கிணற்றடிக்குப் போகும். கூடையிலுள்ள வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் இடுவான். கூடை ஒழிந்ததும் முறத்திலிருந்து மீண்டும் கூடையில் இடுவான். சிறிய பொருள் எதுவாயினும் ஒருமுறை அவன் வாய்க்குச் சென்று திரும்பும். ஒருநாள் முற்றத்தில் முறத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதனைத் தள்ளிக்கொண்டே "பூம், பூம்" என்று ஒலி எழுப்பினான். முறம் அவனுக்கு வண்டியாகிவிட்டது! ஒன்றை மற்றொன்றாகப் பாவிக்கும் இவ்வாற்றல் பேச்சோடு ஒருங்கே வளர்வது. ஏனெனில், சொல் என்பதும் ஓர் ஒலியை ஒரு பொருளுக்கு ஈடாகக் கொள்வதே அன்றோ? அவனுக்கு வேண்டுவன யாவை என்பது எனக்கு விளங்கத் தொடங்கிற்று. ஓட வேண்டும், சுமக்க வேண்டும், நிரப்பவும் ஒழிக்கவும் வேண்டும், அப்போதெல்லாம் அருகிலிருந்து ஒருவர் பேச வேண்டும்.

மறுநாள் மகனுடன் கடைத்தெருவிற்குச் சென்றேன். அவன் சொன்ன கார் அழகாகவே இருந்தது. பொத்தானை அழுத்தினேன், ஓடியது, பாடியது, நின்றது. மீண்டும் அழுத்தினேன், அதே ஓட்டம், அதே பாட்டு. "தம்பி, இங்கே விளையாடுவது கார், பார்த்துக்கொண்டிருப்பவர் நாம். குழந்தைக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்டேன். மகன் நகைத்துவிட்டு அதனைக் கீழே வைத்தான்.

பொம்மை வாங்குவோர் கருதவேண்டிய சில செய்திகளை இங்கே கூறுதல் தகும். 14 வயதுக்கு உட்பட்டோர்க்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தல் வேண்டும் என்னும் அரசாணை 2021 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. மூன்று வயதிற்குக் குறைந்த குழந்தையின் பொம்மையில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் அடங்கிவிடும் சிறு பகுதி எதுவும் இருத்தலாகாது. அத்தகைய சிறு பொருள் மூச்சுக்குழலை அடைத்துவிடக் கூடும். பொத்தான் வடிவ மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே கடும் புண்ணை உண்டாக்கவல்லது. ஈயம் கலந்த வண்ணப்பூச்சு குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்யும். அழகை மட்டும் நோக்கிப் பரிசு வாங்குதல் பிழை என்பதற்கு இவையே சான்றாகும்.

செருமனி நாட்டுக் கல்வியறிஞராகிய பிரெடரிக் புரோபெல் என்பாரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சிறுவர் பள்ளிக்கு 1840 ஆம் ஆண்டில் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் சூட்டியவர் அவர். குழந்தைகளுக்கென்று அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களுக்குப் 'பரிசுகள்' என்றே பெயர். முதற் பரிசு யாது? ஆறு வண்ணங்களில் அமைந்த ஆறு கம்பளிநூற் பந்துகள். அடுத்த பரிசு மரத்தால் ஆகிய உருண்டை, உருளை, கனசதுரம் ஆகிய மூன்றும். இவற்றுள் எதுவும் தானே ஓடாது, தானே பாடாது. குழந்தையின் கை தொட்டால்தான் அவை உயிர்பெறும்.

இனி, என் மனைவி விரும்பிய பொன்னுக்கு வருவோம். அவளை மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும், பல்லாண்டுகள் வகுப்பில் பாடம் சொன்ன பட்டினப்பாலையில் ஒரு காட்சி நினைவிற்கு வந்தது. அதனை அவளுக்கு எடுத்துக் கூறினேன். எங்கள் ஊருக்குக் கிழக்கே கடற்கரையில் விளங்கிய காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தை உருத்திரங்கண்ணனார் அப்பாட்டில் பாடுகின்றார். மகளிர் முற்றத்தில் உணவுப்பொருளை உலர்த்திக் காவல் இருக்கின்றனர். அதனைக் கவர வந்த கோழியைத் தம் காதிலிருந்த குழையைக் கழற்றி எறிந்து ஓட்டுகின்றனர். அக்குழை சென்று எங்கே விழுகின்றது? குதிரை பூட்டாமல் சிறுவர் கையால் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் விழுந்து, அத்தேரைத் தடுக்கின்றது. அவ்வூரார்க்கு அதனினும் பெரிய இடையூறு இல்லையாம்!

மனைவி கேட்டுச் சிரித்தாள். "பொன் வழியை மறிக்குமாயின், தேரே இருக்கட்டும். ஆனால், அதில் ஏற்றும் முதற் சுமை என்னுடையதாக இருக்கவேண்டும்" என்றாள். இவ்வாறு பரிசு முடிவாயிற்று.

நடை பழகும் குழந்தைக்கு நடைவண்டி ஏற்றது. என் பேரனோ ஓடித் திரிபவன். அவனுக்குச் சுமையேற்றி இழுக்கும் தேர் வேண்டும். எங்கள் தெருக்கோடியில் முதிய தச்சர் ஒருவர் உள்ளார். அவரிடம் சென்றேன்.

"ஆசாரியாரே, பேரனுக்கு ஒரு சிறுதேர் வேண்டும். சங்க நூலில் மூன்று சக்கரம்" என்றேன்.

"ஐயா, நூலில் மூன்றாக இருக்கட்டும். இவன் ஓடுகிற ஓட்டத்திற்கு நான்கு இருந்தால்தான் கவிழாது" என்றார் அவர்.

அவர் சொன்னதே சரி. நன்கு உலர்ந்த பூவரசம் பலகையைத் தேர்ந்து, ஒரடி நீளமும் முக்காலடி அகலமும் உடைய தட்டு ஒன்றை அமைத்தார். விளிம்புகளை இழைப்புளியால் இழைத்துக் கூர்மை போக்கினார். நான்கு அங்குல விட்டத்தில் சக்கரங்கள் செய்தார். கயிறு கட்டினால் குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கூடும் என்று எண்ணி, வண்டியின் ஏர்க்கால்போல் மரக் கைப்பிடி ஒன்று பொருத்தினார். சக்கரம் கழலாதிருக்க அச்சின் முனையில் கடையாணி செருக முற்பட்டபோது மட்டும் யான் தடுத்தேன். உருண்டு செல்லும் பெருந்தேருக்குச் சிறிய அச்சாணி இன்றியமையாதது என்பது வள்ளுவர் கருத்து. ஆயினும், இத்தேரின் அச்சாணி குழந்தையின் கைக்கு எட்டுமாயின், அடுத்த கணம் வாய்க்கும் எட்டும் அல்லவா? தச்சர் தலையசைத்து, ஆணியைச் செருகியபின் அதனை மூடி மரக்கட்டை ஒன்றை இறுகப் பொருத்தினார். வண்ணம் பூசவில்லை, தேங்காய் எண்ணெய் தேய்த்ததே அதற்கு மெருகு.

பிறந்தநாளன்று பேரன்முன் தேரை வைத்தோம். சிறிது நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், சக்கரத்தைத் தொட்டான். மனைவி தான் கூறியவாறே ஒரு வாழைக்காயைக் கொண்டுவந்து தட்டில் வைத்து, "காய்" என்றாள். அவன் கைப்பிடியைப் பற்றி இழுத்தான். தேர் நகர்ந்தது, வாழைக்காயும் உடன் நகர்ந்தது. அவன் முகம் மலர்ந்தது. அன்று முதல் எங்கள் வீட்டுப் பொருள்கள் யாவும் தேரேறி உலா வந்தன. ஒவ்வொரு பொருள் ஏறும்போதும் இறங்கும்போதும் யாராவது ஒருவர் அதன் பெயரைச் சொல்வது வழக்கமாயிற்று. "கரண்டி வந்ததா? செம்பு எங்கே?" என்று கேட்போம். பத்து நாளில் 'காய்' என்பது அவன் சொல்லாயிற்று.

சித்திரைத் திங்களில் யான் சென்னைக்குச் சென்றேன். கதவைத் திறந்ததும் பேரன் தேரை இழுத்துக்கொண்டு என் காலடிக்கு வந்தான். தட்டிலிருந்த கரண்டியையும் கிண்ணத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தான். பிறகு வெறுந்தட்டைக் கையால் தட்டி, என்னை நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, ஏறு" என்றான்.

இரண்டு சொற்கள். அடுக்களை வாயிலில் நின்றிருந்த மருமகள் முன்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். பெரும்பாணாற்றுப்படையிலும் தச்சர் செய்த சிறுதேர் ஒன்று வருகின்றது. ஏறிச் செல்ல இயலாத தேர் என்று புலவர் அதனைச் சிறப்பிக்கின்றார். இவனோ அத்தகைய தேரில் தன் தாத்தாவை ஏற்ற விரும்பினான்! தேர் பேச்சைத் தந்துவிட்டது என்று யான் கூறமாட்டேன். மருத்துவர் அறிவுரையும், பெற்றோர் நாள்தோறும் அவனோடு பேசிய பேச்சும், வளரும் வயதுமே அதற்குக் காரணம். அப்பேச்சு நிகழ்வதற்கு ஓர் இடமாகத் தேர் அமைந்தது. மீண்டும் சோதித்த மருத்துவரும், முன்னேற்றம் உள்ளது, பேசுவதை நிறுத்தாதீர்கள் என்று கூறினாராம்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் சிறு தம்பியரும் தங்கையரும் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு பரிசு வழங்க விரும்பினால், உங்களிடம் பணம் எவ்வளவு உள்ளது என்று முதலில் எண்ணாதீர்கள். சில நாள் அக்குழந்தையைக் கூர்ந்து பாருங்கள். அது எதனைத் தேடுகின்றது, எதனைத் தூக்குகின்றது, எதனைக் கண்டு சிரிக்கின்றது என்று அறியுங்கள். தீங்கு தராத பொருளாகத் தேருங்கள். கொடுத்தபின், அதன் அருகே தரையில் அமர்ந்து நீங்களும் சிறிது நேரம் விளையாடுங்கள். பொருளின் விலையைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். அது குழந்தைக்குப் பொருந்துமா என்பதைக் கொடுப்பவரே கண்டறிதல் வேண்டும்.